பதினெட்டாவது பொதுப் புரோகிராம்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவரை எல்லோரும் இனிஷியல்காரர் என்றுதான் சொன்னார்கள். நேரில் 'சார்', முதுகுக்குப் பின்னால் இனிஷியல்காரர். அவருக்கும் தெரியும். ஒருநாள் யாரோ போனில், "இனிஷியல்காரர் இன்னும் வரலை" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவருகில் நின்று, "வந்துட்டார்" என்றார். அவருடைய கோபமே அவ்வளவுதான்.

பெயர் வந்த விதம் இது. ஏழு ஊர்களில் ஏழு ஆஸ்பத்திரிகள். ஏழுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே பழைய தரவுத்தளம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலத்தில் வாங்கியது. நோயாளியின் சீட்டு, படுக்கை, ரத்தப் பரிசோதனை, பிறப்பு, இறப்பு எல்லாம் அதற்குள் இருந்தன. ஒவ்வொரு ஊரிலும் ஓரிருவர் உட்கார்ந்து தங்களுக்கு வேண்டிய புரோகிராம்களை எழுதிக்கொண்டார்கள். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த இயந்திரத்தின் பிடிவாதம். ஆரம்பத்தில் ஆளாளுக்கு இஷ்டப்படி பெயர் வைத்தார்கள். மூன்றாவது ஊர்க்காரர் தன் எலும்பு முறிவு வார்டு புரோகிராமைத் திருத்தி எல்லா ஊருக்கும் டேப்பில் அனுப்பினார். ஐந்தாவது ஊரில் அதே பெயரில் பிரசவ வார்டு புரோகிராம் ஒன்று இருந்தது. புதியது வந்து பழையதின் மேல் உட்கார்ந்துகொண்டது. அன்று அந்த ஊரில் பிறந்த ஒன்பது குழந்தைகளுக்கும் எந்தக் கால், இடதா வலதா என்று திரை கேட்டது.

அதற்குப் பிறகுதான் தலைமை ஆஸ்பத்திரியிலிருந்த இவர் ஒரு விதி எழுதினார். மனிதனுக்கு இனிஷியல் போல, பெயரின் முதல் எழுத்து ஊரைச் சொல்ல வேண்டும். தலைமை ஆஸ்பத்திரிக்கு ஏ, அடுத்ததற்கு பி, இப்படியே ஏழாவது ஊருக்கு ஜி வரை. மூன்று ஊர்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் புரோகிராம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை. அதற்கு முதல் எழுத்து இசட். அதை யாரும் தன்னிச்சையாகத் தொடக் கூடாது, ஏழு ஊரும் ஒப்புக்கொண்டால்தான் திருத்தலாம்.

"ஏன் சார் இசட்?" என்று கேட்டார்கள்.

"எல்லாருக்கும் பொதுவானவன் வரிசையில கடைசியிலதான் நிக்கணும்" என்றார்.

தடித்த அட்டை போட்ட ஒரு பதிவேடு வைத்தார். புரோகிராமின் பெயர், அது செய்யும் வேலை, எழுதியவர், பயன்படுத்தும் ஊர்கள் என்று கட்டம் போட்டு, தன் கையால் எழுதினார். அவர் எழுதாத பெயர் அந்தத் தரவுத்தளத்தில் நுழைய முடியாது.

விதியை விளக்க ஆறு ஊர்க்காரர்களையும் வரவழைத்து ஒரு வாரம் பயிற்சி நடத்தினார். இரண்டாம் நாளே, ஆறாவது ஊரிலிருந்து வந்த பெண் கையைத் தூக்கினாள்.

"சார், இசட் போட்டுட்டா எந்த ஊர்ல எழுதினதுன்னு பேர்ல தெரியாம போயிடுமே?"

"பதிவேட்ல இருக்கும்."

"பதிவேடு உங்ககிட்ட இருக்கும். எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளுங்க."

கேட்டாள். ஊருக்குப் போன பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, அப்புறம் தினமும். மறு வருடம் கல்யாணம் நடந்தது. கம்ப்யூட்டர் பிரிவே சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தது: 'எஃப் போய் இசட் ஆகாமல் ஏ ஆனதற்கு வாழ்த்துகள்.'

ஆனால் ஏ ஆகவில்லை. அங்கேதான் சிக்கல். ஊருக்கு இத்தனை இடம் என்று நிர்வாகம் கணக்காக வைத்திருந்தது. தலைமை ஆஸ்பத்திரியில் காலியிடம் இல்லை. ஆறாவது ஊரில் அவர் தகுதிக்கு வேலையே இல்லை. பஸ்ஸில் ஒன்பது மணி நேரத் தொலைவு. "ஒரு வருஷத்துல ஏதாவது வழி பிறக்கும்" என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் மகள்தான் பிறந்தாள்.

அவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய் வந்தார். மனைவியின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். குழந்தை பெரியம்மாவை முதலில் அம்மா என்றது, பிறகு அம்மாவை அம்மா என்றது. அப்பா என்ற சொல்லை, அம்மாவின் ஆபீசில் போன் ரிசீவரைக் காட்டிச் சொன்னது.

போன் என்றால் ஆபீஸ் போன்தான். தினமும் காலை பத்து மணிக்குத் தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு ஊருக்கும் பேச வேண்டும்: முந்தின நாள் எந்தப் புரோகிராம் நின்றது, எது ஓடவில்லை என்று. பிரிவின் தலைவி சூப்பிரண்டு அம்மா எதிர் மேஜையில் இருப்பார். அங்கே அவள் பக்கத்திலும் நாலு பேர் இருப்பார்கள். அதனால் பேச்சு இப்படி நடக்கும்:

"மேடம், நேத்து ஏதாவது நின்னுச்சா?"

"புரோகிராம் எதுவும் நிக்கலை சார். இருமல்தான் நிக்கலை."

"யாருக்கு மேடம்?"

"சின்ன மேடத்துக்கு."

"டாக்டர் பார்த்தாரா?"

"ஆஸ்பத்திரியில வேலை பார்த்துட்டு டாக்டர் பார்க்காம இருப்பாங்களா சார்?"

சூப்பிரண்டு அம்மா தலை நிமிராமல் கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஆனால் மற்ற ஐந்து ஊருக்கும் இரண்டிரண்டு நிமிடம் பேசுபவர் ஆறாவது ஊருக்கு மட்டும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்வதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

வருடங்கள் இப்படி ஓடின. மாற்றல் மனு போடுவதும் அது திரும்பி வருவதும் பழகிப்போன காரியமாயிற்று. இதற்கிடையில் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரி. பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டு வரும் நோயாளிகளின் பழைய சீட்டை, ஒலியை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் புரோகிராம் அவள் எழுதியது. பிறந்த தேதியைக் கொடுத்தால் வயதை வருடம், மாதம், நாள் என்று பிரித்துச் சொல்வதும் அவள் எழுதியதுதான். கைக்குழந்தைக்கு மருந்து நாள்கணக்கில் என்பதால் எல்லா ஊரும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. அவள் எழுதிய எஃப் எழுத்துப் புரோகிராம்கள் ஒவ்வொன்றாக இசட் வரிசைக்கு ஏறின. ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயரைப் பதிவேட்டில் இவர் எழுதினார்.

மகளுக்கு ஒன்பது வயது நடந்தபோது சூப்பிரண்டு அம்மா ஒருநாள் இவரைக் கூப்பிட்டார்.

"பொதுப் புரோகிராம் எல்லாம் கவனிக்கத் தனியா ஒரு ஆள் வேணும்னு கேட்டிருந்தேன். இடம் குடுத்துட்டாங்க. இங்க, தலைமை ஆஸ்பத்திரியில. உங்க பதிவேட்டுல யார் பேர்ல இசட் அதிகமா இருக்கோ அவங்களுக்கு. சமமா இருந்தா சர்வீஸ் அதிகமா உள்ளவங்களுக்கு. மாசக் கடைசியில எண்ணிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். 

இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இருக்கைக்கு வந்து பதிவேட்டைப் பிரித்தார். மனைவி பேரில் பதினேழு. அடுத்த மேஜையிலிருந்த சக ஊழியர், தடிக் கண்ணாடி போட்டதால் கண்ணாடி என்றே அழைக்கப்பட்டவர், அவர் பேரிலும் பதினேழு. கண்ணாடிக்கு எட்டு மாதம் சர்வீஸ் கூடுதல்.

ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும்.

அந்த ஒன்று இருந்தது. ஒரே ஆளுக்குத் தவறுதலாக இரண்டு சீட்டு விழுந்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாகச் சேர்க்கும் புரோகிராம். அவள் எழுதியது. அவள் ஊரும் இரண்டாவது ஊரும் அதைப் பயன்படுத்தின. நாலாவது ஊரும் கேட்டிருந்தது. டேப் போயிருந்தது. ஆனால் அங்கே புதுத் திரைகள் வந்து இறங்கிய பிறகு, அடுத்த மாதம் முதல் வாரத்தில்தான் ஓட்டப்போவதாகச் சொன்னார்கள்.

மறுநாள் பத்து மணிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் குரலில் துள்ளல்.

"சார், நாலாவது ஊர்லேருந்து லெட்டர் வந்துடுச்சு. வாங்கிக்கறோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மூணு ஊர் ஆயிடுச்சு சார்."

"ஓட ஆரம்பிச்சாச்சா மேடம்?"

"அடுத்த வாரம்."

"அடுத்த வாரம்னா அடுத்த மாசம்."

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பயன்படுத்தும் ஊர்கள்னுதான் கட்டம் இருக்கு. பயன்படுத்தப்போற ஊர்கள்னு இல்ல" என்றார் இவர். 

"அந்தக் கட்டத்தைப் போட்டது யாரு சார்?"

"நான்தான்."

போனை அவள்தான் வைத்தாள்.

மாதக் கடைசி நாளில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்திருந்தார். பேனா கையில் இருந்தது. ஒரு வரி. தேதியை ஒரு வாரம் முன்னே தள்ளிப் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. சூப்பிரண்டு அம்மா அன்று வழக்கத்துக்கு மாறாக மதியம் வரை மாடிப்பக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இவருக்குப் புரிந்தது. கண்ணாடியும் டீ குடிக்கப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. உலகமே அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொடுத்தது. அவர் எழுதவில்லை. பதினேழு, பதினேழு என்று தாளில் குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இடம் கண்ணாடிக்குப் போனது; அவர் விட்ட இடத்தை நிர்வாகம் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. கண்ணாடி நல்ல மனிதர். உத்தரவு வந்த அன்று இவர் மேஜைக்கு வந்து, "சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்திருப்பேனே. எனக்கென்ன, இந்த மேஜையோ அந்த மேஜையோ" என்றார். இவருக்கு அது தோன்றவே இல்லை. விதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்று தோன்றவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது மனைவி சண்டை போடவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். மகள் பெரியம்மா வீட்டுக்குப் போனதும் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லுங்க. விதிக்காகவா செஞ்சீங்க?"

"ஆமா."

"இல்லங்க. வேற யாரோ எழுதின புரோகிராமா இருந்தா லெட்டரைப் பார்த்ததும் போட்டிருப்பீங்க. உங்களுக்கு இளகின மனசுதான். பொண்டாட்டிக்காகப் போட்டான்னு நாலு பேர் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டீங்க."

 அதுதான் நடந்தது, அவருக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

மறு மாதம் நாலாவது ஊரில் அந்தப் புரோகிராம் ஓடத் தொடங்கியது. எஃப் எழுத்தை அடித்துவிட்டு இசட் போட்டுப் புதுப் பெயரை எழுத வேண்டியவரும் அவரேதான். எழுதினார். அவள் பேரில் பதினெட்டாவது.  எப்போதும் போல அச்சடித்த மாதிரிதான் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, டீக்கடை வரை போவதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

பத்து மணி போன் தொடர்ந்தது. ஆனால் இப்போது அவள் உண்மையிலேயே புரோகிராம்களைப் பற்றி மட்டும் பேசினாள். இரண்டே நிமிடம். மற்ற ஊர்களைப் போல. அந்த மீதி எட்டு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் இரண்டு மாதத்தில் தணிந்தது. பேச்சும் திரும்பியது. முழுதாகத் திரும்பியதா என்றால், போனில் அதெல்லாம் எப்படித் தெரியும்?

பொதுப் புரோகிராம்கள் எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டு ஒருமுறை படித்துச் சரிபார்க்கும் வேலை இரண்டு வருடம் கழித்து வந்தது. பாதியைக் கண்ணாடி எடுத்துக்கொண்டார், பாதி இவருக்கு. ஓரத்தில் ஓட்டை போட்ட அகலத் தாள்கள் கட்டுக்கட்டாக மேஜைக்கு வந்தன. அதில் அவள் எழுதிய வயதுக் கணக்குப் புரோகிராமும் இருந்தது. ஒலியை வைத்துப் பெயர் தேடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இதை வெளியிலிருந்து ஓட்டிப் பார்த்ததோடு சரி, உள்ளே திறந்து பார்த்ததில்லை.

எந்தப் புரோகிராமைத் திருத்தினாலும், எப்போது திருத்தினோம், சோதித்தபோது என்ன விடை வந்தது என்று தலைப்பில் குறிப்பு எழுத வேண்டும். அதுவும் இவர் போட்ட விதிதான். மற்றவர்கள் 'சரி பார்த்தாயிற்று' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் ஒழுங்காக எழுதியிருந்தாள். சோதிக்க ஒரு பிறந்த தேதி வேண்டுமே, மகளின் தேதியைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் அதே தேதி.

வருடம் 0, மாதம் 4, நாள் 11. சரி.

வருடம் 1, மாதம் 0, நாள் 2. சரி.

வருடம் 3, மாதம் 7, நாள் 20. சரி.

இப்படிப் பதினாலு வரிகள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். நாலு மாதம் பதினொரு நாளில் குழந்தை கவிழ்ந்து படுத்திருக்கும். பார்த்ததில்லை. ஒரு வயது இரண்டாம் நாளில் நடந்திருக்குமா? நடந்ததாகத்தான் போனில் கேட்ட ஞாபகம். மூன்றரை வயதில் பேச்சில் கொஞ்ச நாள் திக்கல் இருந்தது, பிறகு போய்விட்டது என்று மனைவி சொல்லியிருந்தாள். எப்படித் திக்கினாள் என்று அவருக்குத் தெரியாது. ஐந்து வருடம் ஒரு மாதத்தில் என்ன நடந்தது? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசி வரி போன மாதம் எழுதியது. வருடம் 11, மாதம் 4, நாள் 3. சரி.

தாளை மடித்து வைத்துவிட்டு நேராகச் சூப்பிரண்டு அம்மாவின் மேஜைக்குப் போனார்.

"ஆறாவது ஊர்ல பழைய சீட்டு எடுத்துக் குடுக்கற கவுன்டர்ல ஒரு ஆள் ரிட்டயர் ஆயிட்டார்னு சுற்றறிக்கை வந்துதே, அந்த இடம் எனக்கு வேணும் மேடம்."

சூப்பிரண்டு அம்மா பேனாவை மூடினார். "அது குமாஸ்தா வேலை. உங்க பதவிக்கு மூணு படி கீழ."

"தெரியும்."

"இந்தப் பதிவேட்டை இத்தனை வருஷமாக் கட்டிக் காத்துட்டு, சீட்டு எடுத்துக் குடுக்கப் போறேங்கறீங்க?"

"பதிவேட்டைக் கண்ணாடி பார்த்துப்பார். அவர் கையெழுத்தும் நல்லா இருக்கும்."

சூப்பிரண்டு அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "அன்னிக்கு மாசக் கடைசியில நான் மத்தியானம் வரைக்கும் கேன்டீன்ல உக்காந்திருந்தேன், தெரியுமா? மூணு டீ குடிச்சேன்" என்றார்.

"தெரியும் மேடம்."

"முட்டாள் மனுஷன்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே மனு எழுதச் சொல்லி வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இப்படித்தான் இனிஷியல்காரர் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு மனைவி இருக்கும் ஊருக்கு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பெயரையும் வயதையும் கேட்டுப் பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அங்கே யாருக்கும் அவருடைய பட்டப்பெயர் தெரியாது. கம்ப்யூட்டர் அறை மேடத்தின் வீட்டுக்காரர் என்று சொன்னார்கள். தெருவில் எதிர்வீட்டுக்காரர் முதல் வாரமே, "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்குத்தான்" என்றார் இவர்.

வீட்டில் எல்லாம் சட்டென்று சரியாகிவிடவில்லை. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று தெரியாது. மகள் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள், விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பது போல, இரண்டு கையாலும். மனைவிக்குத் தனியாக முடிவெடுத்துப் பழக்கம். கேஸ் சிலிண்டரிலிருந்து பள்ளிக்கூடக் கையெழுத்து வரை எல்லாம் முடிந்த பிறகுதான் இவருக்குத் தெரியும். "சொல்லக் கூடாதுன்னு இல்லங்க. சொல்லணும்னு தோணலை, அவ்வளவுதான்" என்றாள். அதில் குத்தல் இல்லை. அதுதான் இவருக்கு வலித்தது.

வந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிவாக்கில் வீட்டின் போக்கு மாறியதைக் கவனித்தார். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனைவி எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி அவருடைய சட்டைகளைத் தேய்க்கத் தொடங்கினாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"என்ன, திடீர்னு?" என்றார்.

மனைவி கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். "அஞ்சு மணி பஸ்ஸுக்கு... அட, பழக்க தோஷம்" என்று பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அவ ஏன் படுத்துக்கிட்டா? உடம்பு ஏதாவது?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்க கிளம்பற நேரம் வந்தா தூங்கற மாதிரி படுத்துக்குவா. சின்ன வயசுலேருந்தே. போயிட்டு வரேன்னு நீங்க சொல்றது காதுல விழக் கூடாதாம்."

அவருக்குத் தெரியாது. ஞாயிறு மத்தியானம் நன்றாகத் தூங்கும் குழந்தை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தார். தூக்கம் கெடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் போட்டுக்கொள்வார்.

உள்ளே போய் மகளின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இமை துடித்துக்கொண்டிருந்தது.  நாலு மணி ஆயிற்று. நாலரை ஆயிற்று. மனைவி வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பஸ்ஸுக்கு நேரமாகலையாப்பா?" என்றாள் மகள், திரும்பாமலே.

"நான் எங்கயும் போகலை."

"தெரியும். சும்மா கேட்டேன்."

ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. ஐந்து தாண்டிய பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்பி, அவருடைய சட்டை நுனியை விரலால் பிடித்துக்கொண்டு, பதினோரு வயதுப் பெண் உண்மையாகவே தூங்கிப்போனாள்.